பேஸ்காரரின் முனகல்

தம்பி,

போன வாரம் ஃபோனில் நீ கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். நீயும் "சரிம்மா" என்று வைத்திருப்பாய். எனக்கு அது இரண்டு நிமிட விஷயம் இல்லை. அதனால் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா இதற்குள் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நியூயார்க் போகிறாய், வில்லேஜ் வான்கார்ட் ஜாஸ் கிளப்பில் ஒரு ராத்திரிக்கு இடம் பிடித்திருக்கிறாய், "உனக்கு என்னம்மா படம் எடுத்து வரட்டும்?" என்கிறாய். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே வாசித்துக்கொண்டிருக்கும்போது படம் எடுக்க விடமாட்டார்கள். வீடியோ, ஆடியோ எதுவும் கூடாது. ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார வேண்டியதுதான். இருபது வருடத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். இப்போது என்னவோ நிம்மதியாக இருக்கிறது. அதற்குக் காரணம் நீதான். அப்புறம் வருகிறேன் அதற்கு.

அந்த இடம் 1935-இல் மேக்ஸ் கோர்டன் ஆரம்பித்தது. செவன்த் அவென்யூவில் சின்ன வாசல், அங்கிருந்து கீழே இறங்கும் படி, படி முடிந்தால் நிலவறை. நூற்றிருபது பேருக்குமேல் உட்கார்ந்தால் மூச்சு முட்டும். முக்கோணம்போல ஒடுங்கிக்கொண்டே போகிற அறை. ஆரம்பத்தில் கவிதை, நகைச்சுவை, நாட்டுப்பாடல் என்று எல்லாம் நடந்திருக்கிறது. ஐம்பதுகளின் கடைசியிலிருந்து ஜாஸ்தான். திங்கட்கிழமை போக முடிந்தால் போ. 1966 பிப்ரவரியில் தாட் ஜோன்ஸும் மெல் லூயிஸும் அங்கே தொடங்கிய பெரிய குழு, பெயர் மாறி, ஆட்கள் மாறி, இன்னும் திங்கட்கிழமைதோறும் வாசிக்கிறது. அவ்வளவு சின்ன மேடையில் 16 பேர். கூரை தாங்குமா என்று பயம் வந்தால் டிரம்ஸ் பக்கமாக உட்கார்ந்துகொள். பயம் இன்னும் அதிகமாகும், ஆனால் வேடிக்கையாக இருக்கும்.

சின்ன வயதில் நீ "தம்ளர் ரெக்கார்டு" என்று ஒன்றைச் சொல்வாயே, ஞாபகம் இருக்கிறதா? பியானோ மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது பின்னால் கண்ணாடித் தம்ளர்கள் இடிபடும் சத்தம் வரும். "யாரும்மா பாத்திரம் கழுவுறாங்க?" என்று கேட்பாய். அது இந்த அறையில் பதிவானதுதான். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. பில் எவன்ஸ் பியானோ, ஸ்காட் லஃபாரோ பேஸ் (ஆளுயரத்துக்கு நிற்குமே, அந்தப் பெரிய தந்தி வாத்தியம்), பால் மோட்டியன் டிரம்ஸ். மதியம் இரண்டு, ராத்திரி மூன்று என்று அன்றைக்கு ஐந்து செட், அதாவது நடுவில் இடைவேளை விட்டு ஐந்து தடவை, வாசித்தார்கள். முதல் செட்டில் முதல் பாட்டின் நடுவிலேயே கரண்ட் போய் டேப் நின்றிருக்கிறது. பல வருடம் கழித்து முழுப் பதிவையும் வெளியிட்டபோது அந்த வெட்டையும் அப்படியே விட்டுவிட்டார்கள். பதினோரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. அந்த மூன்று பேர் சேர்ந்து வாசித்ததில் நமக்கு மிஞ்சியது கொஞ்சம்தான், அதில் பெரிய பங்கு அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அந்த ரெக்கார்டைப் போடும்போதெல்லாம் அங்கே பேசிக்கொண்டிருந்தவர்களை நான் திட்டுவேன். உனக்குத் தெரியும். இப்படி ஒரு பேஸ்காரர் பக்கத்தில் நின்று வாசிக்கிறார், பதினோரு நாள்தான் அவருக்கு மிச்சம், இவர்களுக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று. அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று உன் அப்பா கேட்பார். நியாயம்தான். ஆனாலும் திட்டுவேன்.

இப்போது திட்டுவதில்லை. போன மாதம் நீ பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய்: "சின்ன வயசுல ஒரு கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போனியே, அங்க பேஸ் வாசிச்ச தாத்தா முனகிட்டே இருப்பாரே, ஞாபகம் இருக்கா?" இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பொய். எனக்குத் துளிகூட ஞாபகம் இல்லை.

அந்த ராத்திரி உனக்கு எட்டு வயது. அப்பா வெளியூரில். உன்னை யாரிடம் விட்டுப் போவது என்று தெரியவில்லை, கச்சேரியை விடவும் மனமில்லை. நான்கு பேர் கொண்ட குழு: டெனர் சாக்ஸஃபோன், பியானோ, பேஸ், டிரம்ஸ். மேடையின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து படம் எடுக்க அனுமதி வாங்கியிருந்தேன். உன் மடியில் என் பை. நான் கையை நீட்டினால் நீ டப்பாவைத் திறந்து புது ரோலைத் தர வேண்டும், எடுத்து முடித்ததை வாங்கி உள்ளே போட வேண்டும். அதை எவ்வளவு ஒழுங்காகச் செய்தாய் தெரியுமா? டப்பா திறக்கிற சத்தம் கேட்காமல் இருக்கச் சட்டைக்குள் வைத்துத் திறந்தாய். நான் சொல்லித் தரவில்லை. நீயாகவே செய்தது.

மூன்று ரோல், 108 படம். அந்த இருட்டில் ஃபிளாஷ் போடக் கூடாது, போட்டால் வாசிப்பவரின் கண் கூசும். 400 வேக ஃபிலிமை 1600 வேகம் என்று வைத்து எடுத்து, டெவலப் செய்யும்போது கூடுதல் நேரம் விட வேண்டும். படம் கொஞ்சம் மணல் மணலாக வரும், அது ஜாஸுக்குப் பொருத்தம் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம். லென்ஸை முழுதாகத் திறந்து, ஷட்டரை நொடியில் முப்பதில் ஒரு பங்கு வரை இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துவது. சாக்ஸஃபோன்காரரை அவர் மூச்சு எடுக்கும் கணத்தில் எடுக்க வேண்டும், அப்போதுதான் கன்னம் தளர்ந்து முகம் முகமாக இருக்கும். டிரம்ஸ்காரரின் குச்சி உச்சிக்குப் போய்த் திரும்பும் இடத்தில் ஒரு சின்ன நிற்றல் இருக்கிறது, அங்கே அழுத்தினால் கை கலங்காது. இதெல்லாம் எனக்கு அத்துப்படி. அவர் எப்போது மூச்சு எடுப்பார் என்று தெரியும். என்ன வாசித்தார் என்று கேட்டால் தெரியாது.

நீ ஃபோனை வைத்ததும் அலமாரியிலிருந்து அந்த ராத்திரியின் கான்டாக்ட் ஷீட்டுகளை, ஒரு ரோலின் எல்லாப் படமும் சின்னச் சின்னதாக ஒரே தாளில் இருக்குமே, அவற்றை எடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பேஸ்காரர் 19 படத்தில் இருக்கிறார். அவற்றில் 11 படத்தில் அவர் வாய் லேசாகத் திறந்திருக்கிறது. பியானோக்காரரிடம் ஏதோ சொல்கிறார் என்று நினைத்து அந்த நாளில் ஒதுக்கிவைத்திருக்கிறேன்! எல்லாவற்றிலும் சிவப்பு பென்சிலால் பெருக்கல் குறி. அவர் பேசவில்லை, தான் வாசிப்பதைத் தானே முனகிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கும் எனக்கும் நடுவில் ஆறடி இருந்திருக்கும். உனக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை.

வான்கார்டில் தம்ளரை இடித்துக்கொண்டிருந்தவர்களோடு ஒரே மேஜையில்தான் நானும் உட்கார்ந்திருந்திருக்கிறேன். அவர்கள் கையில் தம்ளர், என் கையில் கேமரா. அவர்களாவது நடுநடுவே கேட்டிருப்பார்கள்.

அதற்காகப் புகைப்படக்காரர்கள் எல்லாருமே செவிடர்கள் என்று நினைத்துவிடாதே. வில்லியம் காட்லீப் என்று ஒருவர். முப்பதுகளின் கடைசியில் வாஷிங்டன் போஸ்ட்டில் ஜாஸ் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். புகைப்படக்காரரை அனுப்பப் பத்திரிகை காசு தராது என்றதும் தானே ஒரு ஸ்பீட் கிராஃபிக் கேமரா வாங்கிக்கொண்டார். ஃபிலிமும் ஃபிளாஷ் பல்பும் சொந்தச் செலவு. அதனால் ஒரு நிகழ்ச்சிக்கு மூன்று, நான்கு படத்துக்குமேல் எடுக்கமாட்டார். ஒருவரின் வாசிப்பை நன்றாகக் கேட்டு, எந்த இடத்தில் அவர் அவராக இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் அழுத்துவது. பில்லி ஹாலிடே கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து பாடும் அந்தப் படம் அவருடையது. 1948-இல் ஜாஸை விட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். அவருடைய படங்கள் இப்போது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. 2010-இலிருந்து யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இறக்கிப் பார். மூன்று படம் எடுத்தவரையும் 108 படம் எடுத்த உன் அம்மாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார், உனக்கே புரியும்.

மில்ட் ஹின்டன் அதற்கும் ஒரு படி மேல். அவரே பேஸ்காரர், பாடகர் கேப் காலோவேயின் குழுவில் பல வருடம் வாசித்தவர். கேமராவைக் கூடவே வைத்திருந்தார். மேடையில் இருப்பவர்களை எதிரே நின்று எடுக்கிற நமக்குக் கிடைக்காத படங்கள் அவரிடம் உண்டு: ரயிலில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறவர்கள், அமெரிக்காவின் தெற்கே கறுப்பர்களுக்கென்று தனியாக எழுதிவைத்த பலகைக்குக் கீழே நிற்கும் சக கலைஞர்கள். 1958 ஆகஸ்ட்டில் நியூயார்க்கின் ஹார்லமில் ஒரு வீட்டுப் படிக்கட்டில் 57 ஜாஸ்காரர்களை நிற்கவைத்து ஆர்ட் கேன் எடுத்த படம் நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்ததே, கீழே நடைபாதை ஓரத்தில் கவுன்ட் பேஸி தெருப் பையன்களோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார், அந்தப் படத்தில் ஹின்டனும் இருக்கிறார். அன்றைக்கு அவரும் கேமராவோடுதான் வந்திருந்தார். காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்களாம். ராத்திரி முழுக்க வாசிக்கிறவர்களைக் காலை பத்து மணிக்கு! அவ்வளவு பேர் வந்ததே அதிசயம். பியானோக்காரர் வில்லி 'தி லயன்' ஸ்மித் வந்தும், கால் வலித்து ஓரமாகப் போய் உட்கார்ந்த நேரத்தில் கேன் அழுத்திவிட்டார். முக்கியமான படத்தில் அவர் இல்லை.

நான் ஆசைப்பட்டது ஹெர்மன் லெனர்ட் மாதிரி படம் எடுக்க. 1948-இல் ராயல் ரூஸ்ட் கிளப்பில் டெக்ஸ்டர் கார்டன் சாக்ஸஃபோனை மடியில் வைத்துக்கொண்டு புகைவிடும் படம். பின்னாலிருந்து வெளிச்சம் அடிப்பதால் புகை கெட்டியாகத் தெரியும், தொட்டுப் பார்க்கலாம்போல. அரங்கில் புகைபிடிக்கத் தடை வந்த பிறகு அந்த ஆசை போயிற்று. என் நுரையீரலுக்கு நல்லது, படத்துக்குத்தான் நஷ்டம். 2005 கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸிலிருந்த அவர் வீட்டில் வெள்ளம் புகுந்து ஆயிரக்கணக்கான பிரிண்டுகள் நாசமாயின. நெகட்டிவ்களை முன்கூட்டியே ஓர் அருங்காட்சியகப் பெட்டகத்துக்கு மாற்றியிருந்ததால் அவை தப்பின. நெகட்டிவைப் பிரிண்டோடு சேர்த்து வைக்காதே என்று நான் உன்னிடம் கத்துவது இதனால்தான். நீயும் உன் படங்களுக்கு இன்னொரு நகல் வேறு இடத்தில் வைத்திருக்கிறாயா? இருக்காது.

ரெக்கார்டு விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் ஃபோனிலேயே இருக்கும்போது இந்தக் கறுப்புத் தட்டுகளை ஏன் சுமக்கிறாய் என்று வீடு மாறும்போதெல்லாம் கேட்பாய். தட்டில்தான் உண்மையான சத்தம் என்று பதில் சொல்வேன். அது பாதி வீம்பு. தட்டும் ஏமாற்றும். நடுவை நெருங்க நெருங்க ஒரு சுற்றுக்குள் ஊசி கடக்கும் தூரம் குறைந்துகொண்டே போகும், அதனால் கடைசிப் பாட்டில் கூர்மையான சத்தங்கள் சிதறும். அதைவிடப் பெரிய கதை டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ரெக்கார்டு. 1959 மார்ச் 2 அன்று முதல் பகுதியைப் பதிவு செய்த டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. சரியான வேகத்தில் திருப்பிப் போட்டபோது முதல் பக்கத்தின் மூன்று பாட்டும் சுருதி கொஞ்சம் ஏறி வந்துவிட்டது. 1992-இல்தான் சரி செய்தார்கள். முப்பது வருடத்துக்குமேல் உலகமே அதை இம்மிப் பிசகாகக் கேட்டு உருகியிருக்கிறது. என்னிடம் இருப்பது பழைய தட்டு. சரி செய்ததையும் கேட்டேன். எனக்கு என்னவோ பிசகுதான் பிடிக்கிறது, காது அதற்குப் பழகிவிட்டது.

தட்டு எனக்குப் பிடிப்பதற்கு நிஜக் காரணம் வேறு. ஒரு பக்கம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். போடாவிட்டால் நடுவில் ஊசி 'டக் டக்' என்று தட்டிக்கொண்டே இருக்கும், "என்னம்மா, கேட்கிறாயா இல்லையா?" என்று கேட்பதுபோல. ஃபோன் அப்படிக் கேட்பதில்லை. அது பாட்டுக்கு அடுத்ததைப் போட்டுக்கொண்டே போகிறது. (உன் அப்பாவுக்கு ஊசி தட்டுவதும் பாட்டு மாதிரிதான். ஒருமுறை ஒரு மணி நேரம் பேப்பர் படித்துக்கொண்டே அதைக் கேட்டிருக்கிறார், "இன்னைக்குப் போட்டது நல்லா இருந்தது" என்றார்.)

சரி, வான்கார்டில் என்ன செய்வது? நான் உனக்குச் சொல்லித் தர ஒன்றும் இல்லை, எட்டு வயதிலேயே என்னைவிட நன்றாகக் கேட்டிருக்கிறாய். தெரிந்த இரண்டு மூன்றை மட்டும் சொல்கிறேன். முதல் செட் வாசிப்பவர்கள் கைகால் நீட்டிப் பார்ப்பதற்கு. முடிந்தால் கடைசி செட்டுக்கு இரு. யாராவது தனியாக வாசித்து முடித்ததும் கைதட்டுவார்கள், அந்தச் சத்தத்தில் அடுத்தவர் ஆரம்பிக்கும் முதல் சில ஸ்வரங்கள் மறைந்துபோகும். அதை விட்டுவிடாதே. முன்னால் வாசித்தவர் விட்ட கடைசித் துண்டை எடுத்துத்தான் பலர் தொடங்குவார்கள், அந்தக் கைமாற்றம் தெரிந்தால் மீதி எல்லாம் தானாகத் தெரியும். சத்தமாக வாசிப்பவரையே பார்த்துக்கொண்டிருக்காதே. அவர் வாசிக்கும்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேள். டிரம்ஸ்காரர் குச்சியை வைத்துவிட்டு பிரஷ் எடுத்தால் பேச்சை நிறுத்து; அந்தச் சத்தம் எந்த ரெக்கார்டிலும் முழுசாக விழுவதில்லை. பேஸ் தனியாக வரும்போதுதான் எல்லாரும் தம்ளரைத் தூக்குவார்கள். நீ தூக்காதே.

பியானோக்காரர் கீத் ஜாரட் ஒருமுறை, 2007-இல் இத்தாலியில் பெரூஜாவில், ஒரு ஸ்வரம்கூட வாசிப்பதற்கு முன்பே மைக்கில் வந்து, கேமராக்களை நிறுத்தச் சொல்லிக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அதைப் படித்தபோது திமிர் பிடித்த மனிதர் என்று நினைத்தேன். திட்டிய வார்த்தையை இன்னும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவரும் பியானோவில் முனகிக்கொண்டே வாசித்தவர். என்னைப் போன்ற ஒருத்தி அவர் வாயைப் படமெடுத்துவிட்டு முனகலைக் கேட்காமல் போவாள் என்று அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கலாம்.

கேமராவைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று நினைக்காதே. போன வாரமும் ஒரு கச்சேரிக்கு எடுத்துப் போனேன். முதல் அரை மணி பையை மூடியே வைத்திருந்தேன், கை நமநமத்தது. அப்புறம் திறந்து எடுத்தது நான்கு படம். இரண்டு கலங்கிப்போயின. ஆனால் என்ன வாசித்தார்கள் என்று கேட்டால் ஓரளவுக்குப் பாடிக் காட்டுவேன். உன் அப்பாவிடம் பாடிக் காட்டினேன், ட்யூன் பண்ணுவதையா பாடுகிறாய் என்றார்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பிரிண்ட் வைத்திருக்கிறேன். அந்த ராத்திரியின் மூன்றாவது ரோலில் 22-ஆவது படம். ரோல் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கத் திரும்பியபோது கை தவறி அழுந்தியது. ஃபோகஸ் சரியில்லை, சாய்ந்திருக்கிறது, இதற்கும் அந்தக் காலத்தில் சிவப்புப் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். முன்னால் உன் காதும் பாதி முகமும், சட்டைக்குள் டப்பாவைப் பிடித்திருக்கும் கையும். பின்னால் பேஸின் கழுத்தும், வாய் திறந்த அந்தத் தாத்தாவும். நீ என் பக்கம் பார்க்கவே இல்லை. எத்தனையோ தடவை இந்த ஷீட்டைப் புரட்டியிருக்கிறேன், நீ இதில் இருப்பதையே கவனித்ததில்லை.

நியூயார்க் போய்விட்டு வந்து சாவகாசமாக ஒரு வேலை செய். அந்தத் தாத்தா முனகியது உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ அவ்வளவையும் ஃபோனில் முனகிப் பதிவு செய்து எனக்கு அனுப்பு. சுருதி பிசகினால் பரவாயில்லை. என்ன பாட்டு என்று நான் கண்டுபிடித்துவிடுவேன், இல்லையென்றால் ரெக்கார்டு ரெக்கார்டாகப் போட்டுத் தேடுவேன், எனக்கு வேறு என்ன வேலை? பெயர் கிடைத்ததும் சொல்கிறேன், பிரிண்டின் பின்னால் நீயே எழுதிவை. பென்சிலால் எழுது, லேசாக, ஓரத்தில். பேனா வேண்டாம், மை முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.

அம்மா